செட்டிநாட்டில் பழந்துணி பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் துணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதா?

அரசு நடத்தும் துணி அருங்காட்சியகம் இங்கே இல்லை. பக்கத்தில் இருப்பவை புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் சிவகங்கை அரசு அருங்காட்சியகமும்தான். கண்ணாடிப் பெட்டிகளில் சேலை வரிசையாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்து திரும்புவீர்கள். ஆனால் உடை வரலாற்றைப் பார்க்கச் சேலைதான் வேண்டும் என்பதில்லை. திருக்கோகர்ணத்தில் செப்புத் திருமேனிகளின் இடைக்குக் கீழே பாருங்கள். துணியின் மடிப்பு, இடைக்கச்சு, தொடையில் ஓடும் கரை எல்லாம் உலோகத்தில் செதுக்கி இருக்கும். அங்கிருந்து சித்தன்னவாசல் கிட்டத்தட்ட 16 கி.மீ. 9-ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் ஆடும் பெண்களின் உடுப்பு இன்னும் தெரிகிறது.

எங்களைக் கேட்டால், ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போய்வரச் சொல்வோம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த சுவரோவியங்களில் ராமநாதபுரத்து மன்னர் சேதுபதி, அவையினர், வெள்ளைக்காரர் என்று ஒவ்வொருவரும் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதைச் சுவர் சுவராகப் படிக்கலாம். இந்தப் பக்கத்தில் உடை வரலாற்றுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

செட்டிநாட்டுக்குள் துணியைப் பார்க்க நான்கு வழி உண்டு: தறி, வீடு, பழம்பொருள் கடை, எப்போதாவது நடக்கும் கண்காட்சி.

எந்த மாதத்தில் வரலாம்?

கண்காட்சிக்காக என்றால் செப்டம்பர். சில ஆண்டுகளாக அந்த மாதத்தில் செட்டிநாடு பாரம்பரியத் திருவிழா நடக்கிறது. மற்ற நாளில் பூட்டியே கிடக்கும் சில வீடுகளும் அப்போது திறக்கும். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். அறிவிப்பைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015-இல் சென்னையில் வைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள். அந்த வாரத்தில் கைத்தறிக் கண்காட்சிகள் பல ஊர்களில் நடக்கும். அவை பெரும்பாலும் விற்பனைக் கண்காட்சிகள்; பழைய துணி அங்கே கிடைக்காது.

முகூர்த்த மாதங்களில் வந்தால், முந்தின நாள் வரை திறந்திருந்த வீட்டில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். உள்ளே விடமாட்டார்கள், விடச் சொல்லிக் கேட்பதும் முறையில்லை. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாம் சனியிலும் விடுமுறை வரும் என்பதால் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளையார் நோன்புக்கும் துணிக்கும் என்ன தொடர்பு?

இது நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், எடுக்கும் நோன்பு. நூல்தான் தொடர்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஒன்றாகக் கோடி (புது) வேட்டியிலிருந்து இழை எடுத்துச் சேர்ப்பார்கள். அந்த 21 இழையையும் திரியாக்கி, அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதுதான் ‘இழை எடுத்துக்கொள்வது’. எந்தக் கண்காட்சியிலும் இதை வைக்க முடியாது. நகரத்தார் நண்பர்கள் யாராவது கூப்பிட்டால் போய்வாருங்கள். அழைக்காமல் போகிற நிகழ்ச்சி அல்ல.

கண்காட்சியில் ஏன் இவ்வளவு இருட்டு? பணம் கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லையே?

துணிக்குப் பொதுவாக வைக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). கணக்குப் போட்டால் காரணம் புரியும். நாளுக்கு 8 மணி நேரமாக 90 நாள் வைத்தால் 50 × 8 × 90 = 36,000 லக்ஸ்-மணி. உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது மூன்று மாதக் கண்காட்சி முழுக்க அந்தச் சேலை வாங்கும் வெளிச்சத்தை, வீட்டு வளவு முற்றத்து வெயிலில் 22 நிமிடம் விரித்தாலே அது வாங்கிவிடும். சாயம் ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். இருட்டில் எடுத்து வைத்தால் திரும்பி வராது.

உள்ளே போனதும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகும். போனைப் பார்த்துக்கொண்டே நின்றால் பழகாது.

படம் எடுக்கலாமா? என்ன கொண்டு போக வேண்டும்?

அனுமதித்தால் எடுக்கலாம், பிளாஷ் போடாமல். கடவுச்சீட்டு அளவு நோட்டும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், மை கசிந்தால் 80 வயதுச் சேலைக்கு மருந்து கிடையாது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. முதுகுப்பையை வாசலில் வைத்துவிடுங்கள். திரும்பும்போது பின்னால் இருப்பதை இடிக்கிறவர்களில் பாதிப்பேர் முதுகுப்பைக்காரர்கள்தான். கல் வைத்த மோதிரம், கொக்கி வைத்த வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

அசல் கண்டாங்கியை எப்படி அடையாளம் காண்பது?

கண்டாங்கி இந்தப் பக்கத்துத் தறிச் சேலை. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகு கட்டமும் பட்டைக் கரையும் போட்ட எல்லாவற்றையும் கண்டாங்கி என்று விற்கிறார்கள். பெயரை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள்.

முதலில் நிறம். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்றும் பழைய கண்டாங்கியின் அடையாளம். இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும் இப்போது நெய்கிறார்கள். அதில் தப்பில்லை, பழசு என்று சொல்லி விற்காதவரை. அடுத்து கரை: உடலோடு பார்க்கும்போது அகலமாக, எடுப்பாக இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் கரைதான் தெரியும்.

அதன்பின் திருப்பிப் பாருங்கள். துணி தெரிந்தவர் முன்பக்கத்தில் அதிக நேரம் நிற்கமாட்டார். தறியில் நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்; அச்சடித்த கட்டம் பின்னால் வெளிறிப்போய் இருக்கும். கட்டத்தின் ஒரு கோட்டை லென்ஸில் பிடித்துக்கொண்டே போனால், நெய்த துணியில் அந்தக் கோடு ஒரே நூலின் வழியாகவே ஓடும். அச்சில் கோடு ஒரு நூலிலிருந்து பக்கத்து நூலுக்குத் தாவிவிடும். பட்டில் கோர்வைக் கரை, அதாவது உடலோடு கோத்து நெய்த தனிக் கரை, இருந்தால் கரையும் உடலும் சேரும் இடத்தில் பின்பக்கம் சின்னச் சின்னப் பல் போல ஊடை (குறுக்கு) நூல்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். அந்தப் பல் இல்லாமல் நிறம் நேர்கோட்டில் மாறினால் அது கோர்வை இல்லை.

நூல் கனமும் சொல்லும். பருத்தி நூலின் எண் என்பது, 840 கெஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கண்டு) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்ற கணக்கு. 40-ஆம் நம்பர் என்றால் அப்படி 40 சிட்டம். எண் கூடக் கூட நூல் சன்னமாகும். அன்றாடம் உடுத்திய பழைய கண்டாங்கி கையில் எடுத்தால் கனக்கும். ‘அந்தக் காலத்துக் கண்டாங்கி’ என்று காட்டப்படும் சேலை இறகு போல மிதந்தால் சந்தேகப்படுங்கள்.

கண்காட்சிப் பொம்மைக்குச் சேலை கட்டிவிட்டிருக்கும் விதம் சரியா?

பெரும்பாலும் தவறு. பழைய கட்டு பின்கொசுவம்; உள்பாவாடை இல்லை; கொசுவம் பின்னால் விழும்; சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கும். நடக்கவும் குனிந்து நிமிரவும் வீட்டு வேலை பார்க்கவும் தோதான கட்டு அது. பொம்மைக்கு முன்கொசுவம் வைத்து உள்பாவாடை மேல் தரைவரை இறக்கிக் கட்டினால், அகலக் கரை எதற்கு இருந்தது என்பதே பார்ப்பவருக்கு விளங்காமல் போய்விடும். பின்கொசுவத்தில் கரை விசிறி போலப் பின்னால் விரியும். பின்னாலிருந்து பார்க்கவென்று நெய்த கரை அது. ஆகவே பொம்மையைச் சுற்றி வர வழி விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தால் ஏற்பாடு செய்தவரிடம் சொல்லுங்கள்.

ரவிக்கையும் அப்படித்தான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்து உடுப்பு என்று அட்டையில் எழுதிவிட்டு, கைமுட்டி வரை ரவிக்கை போட்டிருப்பார்கள். வயதான ஆச்சிமார் பலர் ரவிக்கையே போட்டதில்லை.

கழுத்துருவைத் துணிக் கண்காட்சியில் ஏன் வைக்கிறார்கள்?

கழுத்துரு என்பது நகரத்தார் கல்யாணத்தில் திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) அணிவிக்கும் தங்கத் தாலி மாலை. அது உடையின் ஒரு பகுதி என்பதால் வைக்கிறார்கள். தங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் எதில் கோத்திருக்கிறது என்று பாருங்கள். இங்கே மஞ்சள் தேய்த்து முறுக்கிய நூலில் கோத்துத் திருப்பூட்டுவார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 19-ஆம் நூற்றாண்டுக் கழுத்துரு கறுப்பு நூலில் கோத்துக் கிடக்கிறது. தங்க உருப்படிகள் தப்பிப் பிழைக்கும், நூல் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரே சேலையில் கறுப்புப் பட்டை மட்டும் இற்றுப் போயிருக்கிறதே, எலி கடித்ததா?

இல்லை. எலி நிறம் பார்த்துக் கடிக்காது. கடுக்காயில் ஊறவைத்து அன்னபேதி (இரும்பு உப்பு) போட்டு எடுத்த கறுப்பு என்றால், அந்த இரும்பே காலப்போக்கில் நூலை அரித்துவிடும். பக்கத்துச் சிவப்பு இழை உறுதியாக இருக்க, கறுப்பு இழை மட்டும் பொடியாக உதிரும். பழைய துணி எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நோய் வரும். தண்ணீர் பட்டால் இன்னும் மோசம். துவைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பழைய வெல்வெட் கோட்டுகளின் உள்துணி வரிவரியாகக் கிழிந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். எடைக்கு விற்ற இறக்குமதிப் பட்டில் வெள்ளீய உப்பை ஏற்றிக் கனமாக்குவார்கள். அந்த உப்புதான் பட்டை நொறுக்கியது.

சரிகை கறுத்திருந்தால் போலி என்று அர்த்தமா?

பெரும்பாலும் தலைகீழ். வெள்ளி இருப்பதால்தான் கறுக்கிறது. காற்றில் உள்ள கந்தகம் அதைப் பிடிக்கும். பட்டுநூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கம் பூசியது அசல் சரிகை. தேய்ந்த இடத்தில் லென்ஸ் வைத்தால் உள்ளே சிவப்புப் பட்டு எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக் சரிகை 40 வருஷமானாலும் மினுக்கிக்கொண்டே இருக்கும். கறுப்பைப் போக்கப் புளி, பற்பசை, நகைக்கடைத் திரவம் எதையும் தொடாதீர்கள். கறுப்போடு தங்கப் பூச்சும் போய்விடும்.

தறி பார்க்கப் போகலாமா?

போகலாம். காரைக்குடியிலேயே தறிகள் இருக்கின்றன. காலை பத்து மணிக்கு மேல் போங்கள். மழை நாளில் வேண்டாம். ஈரத்தில் கஞ்சி போட்ட பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) தளர்ந்துவிடும் என்பதால் பல நாள் தறி ஓடாது. ஒரு தடவை கேட்டுவிட்டு உள்ளே போய், நெசவாளருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். பாவின் மேல் கை வைக்காதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் வேறாகத் தெரியும், ஓர் இழை அறுந்தால் தேடி முடிய நேரம் பிடிக்கும்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: பாவு எத்தனை சேலைக்கு ஓட்டியது, நூல் எத்தனையாம் நம்பர், கரைக்குத் தனி நாடா (ஊடை நூலை ஓட்டும் கட்டை) உண்டா, ஒரு சேலை முடிய எத்தனை நாள். ‘இதற்கு என்ன கூலி கிடைக்கிறது’ என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கினால் முதல் மூன்று தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உப்புத் தண்ணீர் சாயத்தைப் பிடித்து நிறுத்தும் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். சாயம் போட்டபோது ஒழுங்காக ஏறாதது, வீட்டில் கல் உப்பால் ஏறிவிடாது.

வீடுகளில் பழைய சேலையைக் காட்டுவார்களா?

தெரிந்தவர் மூலம் போனால் சிலர் காட்டுவார்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பிப் பார்த்த ஊர் இது; விரித்துக் காட்டுவதில் ஆச்சிமாருக்கு ஆசைதான். நீங்கள்தான் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். முகப்பிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்ஸ் வழுக்கும், வெறுங்காலோடு நடங்கள். “ஆச்சி, தொடாமப் பாத்துக்கிறேன்” என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், பாதி நேரம் “பரவாயில்லப்பா, தொட்டுப் பாரு” என்று பதில் வரும்.

தொடச் சொன்னால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தொடுங்கள். சேலையை ஒரு முனையில் பிடித்துத் தூக்காமல், இரண்டு உள்ளங்கையிலும் கிடத்தி எடுங்கள். சாமிக்கு வைத்த படைப்புச் சேலை என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படமும் வேண்டாம்.

சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களை விட்டுவிடாதீர்கள். யார் தலைப்பாகை, யார் கோட்டு, எந்த ஆச்சி எந்தப் பக்கம் முந்தானை போட்டிருக்கிறார் என்று அரை மணி நேரம் பார்க்கலாம். சில வீடுகளில் அச்சுச் சாமி படங்களுக்குத் துணியும் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி உடுத்தியிருப்பார்கள். கண்ணாடிக்குள் இருப்பதால் அந்தத் துணித்துண்டு பல வீட்டுச் சேலையைவிடப் புதிதாக இருக்கும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய துணி வாங்கலாமா?

காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் அந்தத் தெருவில்தான். மரம், பீங்கான், எனாமல், பர்மா அரக்குச் சாமான்தான் அதிகம், துணி அபூர்வம். கிடைத்தால் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மடிப்பின் மேல் விரலை ஓட்டினால் நொறுநொறுவென்று கேட்கிறதா? வாங்காதீர்கள். வயதைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதில் பாதியைக் கழியுங்கள். ஓரத்தில் தானாகத் தொங்கும் ஒரு நூலை, அவர் சம்மதித்தால், எரித்துப் பார்க்கலாம். முடி கருகும் நாற்றம் பட்டு, காகிதம் எரியும் வாடை பருத்தி, உருகி மணியாக உறைந்தால் பாலியெஸ்டர்.

100 வருஷத்தைத் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. அந்த வயது இல்லை என்று தொல்லியல் துறைச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்கள் விமான நிலையத்தில் போய் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

எங்கள் பெட்டகத்தில் அப்பத்தா சேலை இருக்கிறது. கண்காட்சிக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். எத்தனை நாள், எத்தனை லக்ஸ், எப்படி விரிப்பார்கள், யார் எடுத்துப் போய் யார் திருப்பித் தருவார்கள், சேதம் வந்தால் யார் பொறுப்பு என்ற ஐந்தும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். கொடுக்கும் முன் ஒவ்வொரு ஓட்டைக்கும் கறைக்கும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அதே வரிசையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரைச் சேலையில் எழுதாதீர்கள். பருத்தி நாடாத் துண்டில் பென்சிலால் எழுதி மூலையில் இரண்டு தையல் போடலாம். ஊசி இழைகளுக்கு நடுவில் போக வேண்டும், இழையைக் குத்தக் கூடாது.

கம்பியில் தொங்கவிடுவோம் என்றால் மறுத்துவிடுங்கள். சரிகைக் கனம் முழுக்க மடிப்பு விழும் ஒரே கோட்டில் இறங்கி, நாளடைவில் அந்த இடம் விட்டுப்போகும். சாய்ந்த பலகையில் மஸ்லின் விரித்துக் கிடத்துவதுதான் சரி. குண்டூசி, ஸ்டேப்ளர், செலோடேப் எதுவும் கூடாது.

வீட்டில் வைக்கும் விஷயத்தில் கெடுப்பது பெரும்பாலும் அக்கறைதான். கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. அதற்குத் துணி வேண்டாம், கஞ்சிதான் வேண்டும். பாச்சை உருண்டையையும் கற்பூரத்தையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் இளகித் தண்ணீராகிக் கறை படியும். ஒன்று போதும், அதுவும் துணியில் படாமல் தனி முடிச்சில். டிரங்குப் பெட்டியில் துரு ஏறும். தேக்குப் பெட்டகமானாலும் மரத்தில் நேராகப் படாதபடி துவைத்த, கஞ்சியில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சேலையைச் சுற்றுங்கள். பாலித்தீன் கவரில் மூடி வைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை வரும்.

ஒரே கோட்டில் மடிக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். இடமிருந்தால் எட்டுப் பத்து செ.மீ. குறுக்களவுள்ள குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் சேலையைச் சுருட்டுவது இன்னும் நல்லது. பூச்சி கண்டுவிட்டால் மருந்து அடிக்காதீர்கள். காற்றுப் போகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே கிடந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் துணியில் ஈரம் வியர்க்காது.

சென்னைப் பக்கம் எங்கே பார்க்கலாம்?

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்து வந்து கட்டியிருக்கிறார்கள். 1996-இல் திறந்த இடம், செவ்வாய் விடுமுறை, துணிக் கண்காட்சிகளும் அவ்வப்போது நடக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. தொலைவானாலும் துணிக்கென்றே உள்ள அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்துக்குப் போவதானால், முன்பதிவு உறுதியான பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். நேரில் போய் நின்றால் கதவு திறக்காது.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

தறிக்கு அவசியம் கூட்டிப் போங்கள், நாடா ஓடுவதை வேடிக்கை பார்ப்பார்கள். இருட்டுக் கூடத்துக்குப் பத்து வயதுக்கு மேல் சரிப்படும். பிஸ்கட் பொட்டலத்தை வாசலிலேயே அவர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த தூள் எறும்பைக் கூப்பிடும்.